ரூம் இருக்கா என்று கேட்கும் தொலைபேசி

இன்று காலை ஹட்டனில், நான் இணையத்தளம் செய்து கொடுத்த ஒரு லொட்ஜில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

டிக்கோயாவிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு அம்மா நேரே முதலாளியிடம் போனார்.

"மொதலாளி, ஒங்க லொட்ஜுக்கு எடுக்குற கோல் எல்லாம் எங்க வீட்டுக்கு வருதுங்க. மக குவைத்துல வேல செய்யுது. பெல் அடிச்சா அதுதான்னு அடுப்புல உள்ளத அப்படியே விட்டுட்டு ஓடியாறேன். எடுத்தா, ரூம் இருக்கான்னு கேக்குறாங்க."

லொட்ஜ் கைவிட்ட பழைய எண் இப்போது அவர் வீட்டு எண். தளத்தில் இன்னும் அதுதான் கிடக்கிறது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நம்பர மாத்தச் சொல்லி எவ்வளவு நாளாச்சு?"

"அப்பவே மாத்திட்டேங்க. இன்டர்நெட்ல புதுசு காட்டத்தான் கொஞ்ச நாள் எடுக்கும்" என்றேன். எங்கள் தொழிலில் இந்தப் பொய்யை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அந்த அம்மாவும் நம்பிவிட்டார். "அப்ப தம்பி மேல பிழை இல்லீங்க, அத ஏசாதீங்க" என்று எனக்காக முதலாளியிடம் பரிந்து பேசினார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு ஓடிவந்து எண்ணை மாற்றினேன். கணினி திறக்க எடுத்த நேரம்கூட அதற்கு எடுக்கவில்லை.

கடை வைத்திருக்கும் நண்பர்களே, உங்கள் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே ஒரு தடவை கோல் எடுத்துப் பாருங்கள். யார் வீட்டில் கறி கருகுகிறது என்று இங்கே சொல்லுங்கள்.

நான் செய்து தந்த தளமாக இருந்தால் மட்டும், தனியாக எழுதுங்கள்.