எதுக்கு? சும்மாதான்

கரி ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் தூள் விழும். மடியில் இருக்கும் வாழை இலைப் பொட்டலத்திலிருந்து, சூட்டில் வியர்த்த புளியோதரை வாசனை வரும்... இரண்டும் சேர்ந்தால் எனக்கு இன்றைக்கும் அது மதுரைதான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. சாத்தூரில் எங்கள் தெருவில் நாங்கள் மூன்று பேர் ஒரே செட்டு. நான், எதிர்வீட்டு சரோஜா, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த ராஜாத்தி. மூன்று வீட்டு ஆண்களுக்கும் பட்டாசு வியாபாரம். தீபாவளி சீசன் முடிந்ததும் வசூல், ஆர்டர் என்று வாரக்கணக்கில் கிளம்பிவிடுவார்கள். யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

நாங்கள் ஊரைத் தாண்ட வேண்டுமென்றால் எங்காவது ஒரு கல்யாணம் நடக்க வேண்டும். இல்லையென்றால் இழவு விழ வேண்டும்.

ஒரு மத்தியானம் காராச்சேவு கொறித்துக்கொண்டிருந்தபோது ராஜாத்திதான் ஆரம்பித்தாள்.

"யக்கா, மதுரைக்கு ஒரு நட போயிட்டு வருவமா? நாம மட்டும்."

செலவுத் திட்டம் என் பொறுப்பு. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான், கணக்கு நானாகக் கற்றுக்கொண்டது. சனிக்கிழமை பாசஞ்சரில் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புவது. முதல் நாள் சாப்பாடு கையோடு. தங்குவதற்கு, எங்கள் பக்கத்து வியாபாரிகள் மதுரையில் கட்டிவைத்திருந்த சத்திரம். வாடகை கிடையாது. ஜட்கா வண்டி வேண்டாம், நடை. பொங்கலுக்கு எடுக்கும் சேலையில் கொஞ்சம் விலை குறைந்ததாக எடுத்துக்கொண்டால் மிச்சத்தில் எல்லாம் அடங்கிவிடும். செலவைச் சொல்லி எங்களை யாரும் மறிக்க முடியாது.

காரணம்தான் இடித்தது.

"மீனாட்சிக்கு வேண்டுதல்னு சொல்லிருவோம் மதினி. ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாக" என்றாள் சரோஜா.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தினம் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள் நான். நேராத வேண்டுதலை நேர்ந்ததாகச் சொல்லிவிட்டு, அவள் சந்நிதியில் போய் எந்த முகத்தோடு நிற்பது?

"பொய் வேண்டாம். சும்மா போறோம்னே சொல்லுவோம்."

சரோஜா கையில் எடுத்த சேவு கையிலேயே நின்றது. "நல்லா இருக்கு. மதுரைக்குப் போறதுக்கு முந்தி அவுகவுக அம்மா வீட்டுக்குப் போயிருவோம்."

ஆனாலும் சொன்னேன். மாமியார் முறத்தைக் கீழே வைத்தார்கள். "சும்மா போறதுக்கு மதுரை என்ன நம்ம கொல்லையா?"

வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றாமலே நின்றார். "நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"சும்மா போயிருக்காகன்னு சொல்லுங்க."

ஒரு வாரம் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. பத்தாம் நாளோ என்னவோ, சாப்பிட்டுக் கை கழுவும்போது, "சத்திரத்துல என் பேரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து நான் போனதால் மற்ற இரண்டு வீட்டிலும் தடுக்க முடியவில்லை.

சத்திரத்தில் மேனேஜர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஆண் துணை வருகிறதா என்று.

"யாரும் வரல அண்ணே. நாங்கதான்."

"என்ன விசேஷம்? கல்யாணமா, கோயிலா, ஆசுபத்திரியா?"

சரோஜா என் இடுப்பில் கிள்ளினாள். கோயில் என்று ஒரு வார்த்தை சொன்னால் சாவி வந்துவிடும். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ராஜாத்தி கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"கோயிலுக்கும் போவோம். ஆனா வந்தது சும்மாதான்."

"சும்மாவுக்கெல்லாம் இங்க ரூம் கிடையாதும்மா."

"போன மாசம் எங்க வீட்டுக்காரர் இங்கதான் தங்குனாக. வேலை முடிஞ்சும் ரெண்டு நாள் இருந்துட்டு வந்தாக. எதுக்குன்னு கேட்டீகளா?"

அவர் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். நான் வாசல்படியின் நட்டநடுவில் உட்கார்ந்தேன். பொட்டலத்தைப் பிரித்தேன். மூவரும் சாப்பிட ஆரம்பித்தோம். கல்யாணத்துக்கு வந்த கூட்டமொன்று ஜமுக்காளமும் பாத்திரமுமாக எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. ஒருவர் நின்று, "ஏன் பொம்பளைகள வாசல்ல ஒக்கார வச்சிருக்கீக?" என்று மேனேஜரிடமே கேட்டுவிட்டார்.

சாவி வந்தது.

சரோஜா ஒரு சேவுப் பொட்டலத்தை மேனேஜர் மேஜையில் வைத்தாள். "இந்தாங்கண்ணே, நம்ம ஊரு சேவு. சும்மாதான் குடுக்கேன்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் விடிகாலையில் அம்மன் சந்நிதி. எதுவும் கேட்காமல் நான் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான். பிறகு டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போனோம். இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பினோம். கண்டக்டர் முறைத்தார். பருத்திப்பால் குடித்த கடையில் ராஜாத்தி ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சாத்தூர்ப் பெட்டி.

"பாத்தியாக்கா, இது கூட தனியா ஊர் சுத்துது. இத யாரும் எதுக்குன்னு கேக்கல."

ராஜாத்தி போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. சரோஜா இப்போது விருதுநகரில் மகள் வீட்டில். என் மகன் கார் வைத்திருக்கிறான். சொன்ன இடத்துக்குக் கூட்டிப்போவான், தங்கமான பிள்ளை. போன வாரம், சரோஜாவும் நானும் ரயிலில் மதுரைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவரப் போகிறோம் என்றேன்.

"இந்த வயசுல எதுக்கும்மா?"

போனில் சரோஜாவிடம் சொன்னேன். அவள் இன்னும் மாறவில்லை. "ஆசுபத்திரியில செக்கப்புனு சொல்லிருங்க மதினி. உடனே விட்டுருவாக."

அன்றைக்கு வேண்டுதல், இன்றைக்குச் செக்கப். அம்புட்டுதான் வித்தியாசம்.

மகனிடம் சும்மா என்றே சொல்லிவிட்டேன். அவன் அவனுடைய அப்பா மாதிரியே சட்டையைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான்...

நாளைக் காலையில் வண்டி. புளி ஊறிக்கொண்டிருக்கிறது.