அலாரத்தை அமுக்கியவர்

வார்டில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். ஜொகூர் பாருவில் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியாக, இங்கே சொல்வதுபோல் 'மிஸ்ஸி'யாக, பதினைந்து வருடம் குப்பை கொட்டியவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் அந்தப் பகலில் கத்தியதுபோல் நான் எப்போதும் கத்தியதில்லை.

நிமோனியாவில் நுரையீரல் இரண்டும் கெட்டு, வாய்வழியாகக் குழாய் செருகி, அரை மயக்கத்தில் வெண்டிலேட்டரில் கிடந்தார் ஓர் அம்மா. பார்வையாளர் நேரம். அவருடைய கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். நான் அடுத்த கட்டிலில் மருந்து மாற்றிக்கொண்டிருந்தேன். அலாரம் அடித்தது, உடனே நின்றது. தானாக நிற்கிற அலாரம் வேறு, யாரோ நிறுத்துகிற அலாரம் வேறு. திரும்பினால், அவர் விரல் பொத்தான் மேல் இருக்கிறது; அந்த அம்மா குழாயோடு இருமித் திணறுகிறார்.

ஓடிப்போய்ச் சளியை உறிஞ்சி எடுத்தேன். இயந்திரத்தில் ஏறியிருந்த அழுத்தம் இறங்கியது.

"யாரக் கேட்டு அமுக்குனீங்க?" என்று கத்தினேன்.

"பாசிர் கூடாங் பிளான்ட்ல கன்ட்ரோல் ரூம் ஆப்பரேட்டர் மிஸ்ஸி நான். அலாரம் வந்தா மொதல்ல சத்தத்த நிறுத்துவோம், அப்பறந்தான் என்னான்னு பாப்போம். இருவது வருசப் பழக்கம்லா. கை தானா போயிருச்சி."

என் ஆத்திரம் அடங்க ஒரு நாள் ஆயிற்று. பைப்பும் பிரஷரும் தெரிந்த ஆள் என்பதால் மறுநாள் விளக்கினேன். நாமாக மூச்சு எடுத்தால் நெஞ்சு விரிந்து காற்றை உள்ளே இழுக்கும். இயந்திரம் இழுக்காது, தள்ளும். வழியில் சளி அடைத்தாலும், ஆள் இருமினாலும் அழுத்தம் ஏறி அலாரம் அடிக்கும். மூச்சு வெளியேறிய பிறகும் உள்ளே கொஞ்சம் அழுத்தத்தை விட்டுவைப்போம். முழுக்கச் சுருங்கிய பலூனை ஊதுவதுதானே கஷ்டம்?

"எல்லாம் புரியுது. எப்பக் கழட்டுவீங்க?" அவருக்கு அது ஒன்றுதான் கேள்வி.

"அவங்களா மூச்சு எடுக்கணும்ணே. மிஷின் ஒதவியக் கொறச்சிக்கிட்டே வருவோம். ஒன்னு சொல்றேன், மிஷினப் பாக்காதீங்க, அவங்களப் பாருங்க."

அன்றிலிருந்து உள்ளே வந்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

நான்கு நாளில் காய்ச்சல் இறங்கி, அந்த அம்மா கண் திறந்தார். இயந்திரத்தின் உதவியைக் குறைத்து அரை மணி நேரம் சோதிக்கச் சொன்னார் டாக்டர். "இன்னிக்குக் கழட்டிரலாம்ணே," என்று நான் முந்திரிக்கொட்டையாக வாயை விட்டேன். இருபது நிமிடம் திரையில் எண்கள் அழகாக ஓடின. அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ்ஸி, அவ கழுத்தப் பாருங்க."

ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை இழுத்துக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. அலாரம் இன்னும் அடிக்கவே இல்லை. டாக்டரைக் கூப்பிட்டு உதவியைப் பழையபடி ஏற்றினோம். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான். வெட்கமாக இருந்தது. அதை அந்தக் கணவரிடமே சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் ஓய்வு கொடுத்து மறுபடியும் சோதித்தோம். அரை மணி நேரமும் அந்த முகத்தையும் கழுத்தையும்தான் அதிகம் பார்த்தேன். கழுத்து அமைதியாக இருந்தது. டாக்டர் குழாயை உருவினார். நான் ஆக்ஸிஜன் மாஸ்க்கை வைத்துவிட்டுக் கணவரை உள்ளே கூப்பிட்டேன்.

"ஏதாச்சும் பேசும்மா," என்று கெஞ்சினார். கைகள் அப்போதும் முதுகுக்குப் பின்னால்தான்.

அந்த அம்மா மாஸ்க்கை லேசாக விலக்கினார். கணவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கரகரத்த குரலில் மெதுவாகச் சொன்னார்.

"வீட்லயும் இப்படித்தான் மிஸ்ஸி. அலாரம் அடிச்சா அமுக்கிட்டுப் படுத்துக்குவாரு."

கோபக்காரி நான் அழுதுவிட்டேன். அவர் அப்போதுதான் கைகளை முன்னால் எடுத்தார்.