மஞ்சள் முகத்தோடு பெண் கேட்டவர்

செத்துப் பிழைத்த ஒருவர் கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து பெண் கேட்டார் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. விசாரித்தால், முகம் நீலம் என்கிறார் தையல்காரர். எதிர்வீட்டு அம்மாள் இரண்டு கொம்பையும் சேர்த்துக்கொள்கிறார். உண்மை அவ்வளவு மோசமில்லை. மஞ்சள் முகம், பச்சை உதடு, அவ்வளவுதான்.

அவர் சினிமாக் கம்பெனியில் மேக்கப் போடுபவர். அந்தக் காலத்துக் கருப்பு வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பு கண்ணிலேயே படாது. சிவந்த உதடு திரையில் கரியாக வரும். அதனால் நடிகர்களுக்கு மஞ்சளும் பச்சையும் அப்புவார். அன்று பிணமாகப் படுக்க வேண்டிய ஆள் மட்டம் போட்டுவிட, இவரையே பூசிக்கொண்டு படுக்கச் சொல்லிவிட்டார்கள். ஐந்து மணிக்கோ கம்பவுண்டரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கும் இவருக்கும் மனசு எப்போதோ ஒத்துப்போயிற்று. அப்பா தலையாட்ட வேண்டும். அவர், நேரம் தவறி வந்த இரண்டு மாப்பிள்ளைகளை வாசலோடு அனுப்பியவர். அதனால் இவர் முகம் கழுவக்கூட நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடினார்.

கதவைத் திறந்த கம்பவுண்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தரதரவென்று இழுத்துப்போய்க் கட்டிலில் கிடத்தி, நாக்கை நீட்டச் சொல்லி, விளக்கெண்ணெயை ஊற்றிவிட்டார். பெண் கேட்க வந்ததாக அவர் குழறியதை ஜன்னி என்று எடுத்துக்கொண்டார். உள்ளே மகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து சிரித்தாள்.

வேர்வையில் மஞ்சள் தலையணைக்கு இறங்கியது.

"எத்தனையோ காமாலை பாத்திருக்கேன். துணியில ஒட்டுற காமாலைய இன்னிக்குத்தான்டா பாக்குறேன்," என்றார் கம்பவுண்டர்.

"சாயம் மாமா. ஃபிலிமு சிவப்பைக் கருப்பாக்கிடும். அதுக்குத்தான் இது."

கம்பவுண்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் செக்கச்செவேலென்ற மூக்கு. தன் கல்யாணப் படத்தில் அது கரித்துண்டாய் விழுந்ததிலிருந்து மச்சினன்மார் வாயில் அரைபடுகிறார்.

"அப்ப என் மூக்கு?"

"ஒரு பூச்சு போதும் மாமா. எங்க கல்யாணப் படத்துல பாருங்க."

கம்பவுண்டர் மகளைப் பார்த்தார், மூக்கைத் தடவினார், சரி என்றார். அதைக் காதில் வாங்க மாப்பிள்ளை அங்கே இல்லை. விளக்கெண்ணெய் அவரைக் கொல்லைப்பக்கம் விரட்டியிருந்தது.

கல்யாணத்தன்று மாமனார் மஞ்சள் மூக்கோடு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். படம் பிடித்தவர் கேமராவை மூட்டை கட்டும்போதுதான் சொன்னார், இது புதுசாக வந்த ஃபிலிம், சிவப்பும் இதற்குத் தெரியும், மூக்கைச் சும்மா விட்டிருக்கலாம் என்று. கழுவி வந்த படத்தில் மஞ்சள் பூசிய மூக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. மச்சினன்மார் புதுக் கேலிக்குத் தாவ அன்று சாயங்காலம்வரைகூட ஆகவில்லை.

பேரப்பிள்ளைகள் பிறந்தாயிற்று. மாமனாருக்கு மருமகன் தரவேண்டிய ஒரு நல்ல மூக்கு இன்னும் பாக்கி.