துரை வீட்டுப் புல்லும் எங்கள் பைப்பும்

கோலாலம்பூரில் புல்லுக்குத் தினமும் இரண்டு வேளைக் குளியல் உண்டு. ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். பிரிக்பீல்ட்ஸ் மேட்டில் எங்கள் பெரிய துரைக்கு ஒரு பங்களா. அதன் முன்னால் அகன்ற புல்தரை. அதில் மாடு மேயாது, மனிதர் உட்காரமாட்டார்கள், தப்பித் தவறி ஒரு கீரைச்செடி முளைத்தால் அன்றே பிடுங்கிவிடுவார்கள். அந்தப் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கச் சீமையிலிருந்து கப்பலில் வந்த பித்தளைப் பொறி ஒன்று இருக்கிறது. ரப்பர் குழாயின் நுனியில் அதை மாட்டித் தண்ணீரைத் திறந்தால், வருகிற வேகத்திலேயே அதன் இரண்டு கைகளும் சுற்றிச் சுற்றித் தெளிக்கும். நாங்கள் அதை ராட்டினம் என்போம். முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

நான் தண்ணீர்க்குழாய் வேலையில் பிட்டர். மேட்டுக்குக் கீழே, ரயில் பாதையோரம், கூலி லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிறேன். லயம் முழுவதற்கும் ஒரே பைப்பு. பங்களாவுக்குப் போகிற அதே பெரிய குழாயின் கடைசியில்தான் அதுவும் இருக்கிறது. சென்ற வறட்சி மாதத்தில் ராட்டினம் சுற்றாமல் நின்றது. இரண்டு கைகளிலும் தண்ணீர் எச்சில் போல வழிந்தது. துரை மேட்டிலிருந்து கீழே பார்த்தார். எங்கள் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அவ்வளவுதான், அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மறுநாளே எங்களை மேற்பார்க்கும் மண்டோர் வந்து பைப்புக்குப் பூட்டுப் போட்டார். உச்சி வேளையில் ஒரு மணி நேரம் மட்டும் திறப்பார்களாம். ஆண்கள் வேலையில், பெண்களில் பாதிப்பேர் கல் உடைக்கிற இடத்தில். அந்த நேரத்தில் யார் வந்து பிடிப்பது? ஈயம் தோண்டிக் கைவிட்ட லம்பப் பள்ளத்தில் தேங்கிக் கிடந்த குட்டைத் தண்ணீரைத்தான் மொண்டு வந்தோம். நான்காம் நாள் என் மகள் வயிற்றுப்போக்கில் படுத்தாள். கண் உள்ளே போய், உதடு வெடித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள்.

இதில் வயிறு எரிகிற சங்கதி என்னவென்றால், பூட்டுப் போட்ட பிறகும் ராட்டினம் சுற்றவில்லை. எங்கள் வாயைக் கட்டியும் அவர் புல் நனையவில்லை. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஆயர் தடா குவாட்," என்றார் துரை. தண்ணீருக்குப் பலமில்லை என்று பாசார் மலாயில், அந்தக் கடைத்தெருப் பேச்சில், சொன்னார். பலமில்லாமல் என் வீட்டில் ஒரு பிள்ளை கிடக்கிறது என்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது.

இங்கே வேலை கற்றவர்கள் பழுதைப் பெரிய குழாயிலிருந்து தேடத் தொடங்குவார்கள். நான் வாலிலிருந்து தொடங்குவேன். அது என் அப்பா வழி. இராமநாதபுரம் சீமையில் அவர் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. ஊரார் வயல்களுக்கெல்லாம் மடை திறந்து பங்கு பிரித்து விடுவது அவர் வேலை. எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. கடைமடை வயலில் தண்ணீர் குறைந்தால் அவர் மடைக்கு ஓடமாட்டார். காய்ந்த வயலில் இறங்கி, வாய்க்காலை எதிர்த்து ஒவ்வொரு வரப்பாக மிதித்துக்கொண்டு மேலே போவார். நண்டு வளையோ, எவனோ அடைத்த புல்கட்டோ, எங்காவது கால் சொல்லிவிடும்.

நானும் அப்படித்தான் போனேன். ராட்டினத்தைக் கழற்றி அதன் துளைக் கண்களை ஊசியால் குத்திப் பார்த்தேன், சுத்தமாக இருந்தன. ரப்பர் குழாயில் மடிப்பும் இல்லை, கிழிசலும் இல்லை. ஆனால் அந்தக் குழாயைத் தோட்டத்துப் பைப்பிலிருந்து கழற்றியதும் தண்ணீர் சீறிக்கொண்டு என் நெஞ்சில் அடித்தது. வேகம் முழுசாக இருக்கிறது. அப்படியானால் அடைப்பு இந்த இணைப்பில்தான். விரலை விட்டேன். நாலாக மடித்த வேட்டித் துணி ஒன்று, செம்மண் சேறு ஏறி, களிமண் உருண்டையாக வந்தது.

பக்கத்தில் நின்ற தோட்டக்காரன் சின்னையாவின் முகம் செத்துப்போயிற்று.

"என்னடா இது?"

"போன வாட்டி ஓட்டையெல்லாம் மண்ணு அடைச்சிக்கிச்சின்னு தொரை ஏசுனாருண்ணே. நம்ம பொம்பளைங்க பைப்பு வாயில துணி கட்டித்தானே தண்ணி புடிக்கிறாங்க? அதான் நானும் வச்சேன்."

"வச்சவன் எடுத்துத் தொவைக்கணும்னு தெரியாதாடா? ஒன் துணியால என் புள்ள வயிறு போயிக் கெடக்குது!"

"தொரைகிட்ட சொல்லிராதீங்கண்ணே. வெரட்டி விட்டுருவாரு. என் பொண்டாட்டிக்கு இது மாசம்."

அறைந்திருப்பேன். கை ஓங்கியும்விட்டேன். ஆனால் பூட்டுப் போட்டவன் சின்னையா இல்லையே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். துணியைச் சுருட்டி என் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

துரையை அழைத்து, மண்டோரிடம் லயத்துப் பைப்பையும் திறக்கச் சொன்னேன். கீழே குடங்கள் நிறைய, மேலே ராட்டினம் பம்பரமாகச் சுற்றியது. இரண்டுக்கும் தண்ணீர் போதும் என்று கண்ணுக்கு நேராகக் காட்டினேன். "மண் அடைப்பு, துவான். லயம் காரணமில்லை. பூட்டை எடுத்துவிடலாமா?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.

"பாகுஸ்," என்று மெச்சி என் தோளைத் தட்டினார். பூட்டு இருக்கட்டும், இப்போதுதானே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சிரித்தார். தன் பூட்டால்தான் புல் பிழைத்தது என்று அவருக்கு ஏதோ கணக்கு. உண்மையைக் கையில் வைத்துக் காட்டினேன், அவர் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனேன். என் மனைவி ராமாயி மகளுக்குக் கஞ்சித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"புல்லு நல்லா நனைஞ்சிச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடியும் முன் வால்வுச் சாவியை எடுத்துக்கொண்டு பங்களா வேலிக்கு வெளியே போனேன். நிலத்துக்கடியில் இருக்கும் தோட்டத்துக் குழாயின் வால்வை நாலு சுற்று இறுக்கினேன். சின்னையா பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராட்டினம் மறுபடியும் படுத்துவிட்டது. கூப்பிட்டார்கள், போனேன். மண்ணை முகர்ந்தேன், குழாயில் காது வைத்தேன், பெரிய வைத்தியன் போல உதட்டைப் பிதுக்கினேன். பிறகு சொன்னேன்: "துவான், கீழே பைப்பு பூட்டிக் கிடப்பதால் தண்ணீர் ஓடாமல் நின்று, சேறு படிந்து மேலே ஏறுகிறது. கடைசியில் நாள் முழுக்கத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால்தான் உங்கள் தோட்டத்துக்குச் சுத்தமாக வரும்."

துரை யோசித்தார். மண்டோரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மண்டோர் என்னிடம் திரும்பினார்.

"லயத்து ஆளுங்க தண்ணி புடிச்சா தொரை குழாய் சுத்தமாவுமாம். அதனால நெறைய புடிக்கச் சொல்றாரு. புடிங்கலா!"

உண்மைக்குத் திறக்காத பூட்டு பொய்க்குத் திறந்தது. என் மகள் குடிப்பதற்காக அல்ல, துரையின் குழாயைக் கழுவுவதற்காக. போகிற வழியில் வால்வைத் தளர்த்தினேன். சந்தோஷப்படத்தான் நினைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

அன்று மாலை மகள் எழுந்து உட்கார்ந்தாள். ராமாயி பைப்படியில் குடத்தை நிறைத்தபடியே, "இனிமே ஊருக்குப் போற பேச்ச எடுக்காதீங்க. இங்க நானே தொறக்குறேன், நானே மூடுறேன்," என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊரில் பொதுக்கிணற்றுப் படியில்கூட நாங்கள் கால் வைக்க முடியாது. ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பிரித்த என் அப்பாவே எட்டிக் குனிந்து கையேந்தி நின்று, மனசு வந்த யாராவது உயரத்திலிருந்து ஊற்றினால்தான் குடிப்பார். இங்கே அந்தக் குனிவு இல்லை என்றுதான் உங்களுக்கெல்லாம் பெருமையாக எழுதியிருப்பேன்.

எனக்கும் தாகமாக இருந்தது. பைப்புக்கு முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து வாயருகே ஏந்தினேன். தண்ணீர் ஒரு முழம் தள்ளித் தன்பாட்டுக்கு மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

"யாருக்காக நிக்கிறீங்க?" என்றாள் ராமாயி.