எரியக் கூடாத விளக்கு

பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கு எரிய வேண்டும். ஆல்வின் ரிஷ்டன் தன் கராஜில் தானே கட்டிய கார் வண்டியில் அதோடு சேர்ந்து பின்னால் இருந்த இரண்டு இண்டிகேட்டர்களும் எரிந்தன. பளிச்சென்று இல்லை, ஆறப்போகும் கரித்துண்டு மாதிரி மங்கலாக. புது வண்டியை ரோட்டில் விட அனுமதி தரும் சோதனை அதிகாரி அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இன்னொரு தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த இன்னொரு தேதி வியாழக்கிழமை காலை பத்து மணி. ஆல்வினுக்கு அதுதான் கடைசித் தேதி. பேடிஹாம் ஊரில் இருந்த வீடு விலைபோய்விட்டது. மனைவி ஃபிரீடாவின் முட்டி இனி மாடிப்படி ஏறாது என்பதால் ஒரே தளமாக இருந்த சின்ன வீடு ஒன்றைப் பார்த்து முடித்திருந்தார்கள். அதற்கு கராஜ் கிடையாது. சோதனையில் தேறிய வண்டி என்றால் வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்திக்கொள்ளலாம். தேறாத வண்டிக்குக் கூரை வேண்டும், வேலை மேஜை வேண்டும், லங்காஷயர் மழையில் நனையாத ஓர் இடம் வேண்டும். அதனால் தேறாவிட்டால் சனிக்கிழமை, இதே மாதிரி வண்டி கட்டும் கிளைவ் புரோக்டர் டிரெய்லரோடு வந்து எடுத்துப்போகலாம் என்று ஆல்வினே வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கை மாற்றுகிறவர் இல்லை. எதிர் வீட்டில் பதினெட்டு வருஷம் இருந்த எனக்கு அது தெரியும்.

வண்டி ஒன்பது வருஷ வேலை. நாமே பூட்டிக்கொள்ளும்படி பாகங்களாக வரும் கிட் கார்; இரும்புச் சட்டம் ஒரு லாரியில் வந்தது. ஃபைபர் உடம்பு அடுத்த மாதம் இன்னொரு லாரியில். இன்ஜினும் வயர்களும் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றியவை. ஆல்வின் எந்தப் பட்டறையிலும் கார் வேலை கற்றவர் இல்லை. முப்பத்தொரு வருஷம் நெசவு மில்லில் தறி மேஸ்திரி. தறி நின்றால் நெசவுக்காரி கையைத் தூக்குவாள், இவர் போய் ஓட வைப்பார். மற்றதெல்லாம் நூலகத்துப் புத்தகமும் பொறுமையும்தான். ஒவ்வொரு திருகையும் எத்தனை சுற்று இறுக்கினார் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

இந்த ஊர் இங்கிலீஷில் வண்டிக்குள் ஓடும் வயர்க்கட்டுக்கும் லூம், அதாவது தறி என்றுதான் பெயர். பழைய காரிலிருந்து எடுக்க வேண்டியவை என்று கிட் அனுப்பியவர்கள் தந்த பட்டியலில் "தறி, ஒன்று" என்று இருந்ததைப் பார்த்து ஆல்வின் சிரித்தாராம். ஆயிரம் தறியைச் சரி பண்ணினவனுக்கு இன்னும் ஒன்று என்ன பெரிசு என்று ஃபிரீடாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்தான் அவரைப் பிடித்து ஆட்டியது.

மில்லில் ஒரு விதி உண்டு. துணியில் குறை கண்டால் துணியைப் பார்க்காதே, நூல் வந்த வழியைப் பார். பாவு உருளையிலிருந்து அச்சுப்பல் வரைக்கும் இழை இழையாகத் தடவிக்கொண்டே வந்தால் குறை அகப்படும். ஆல்வின் அதையே செய்தார். பேட்டரியிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து பின்விளக்கு வரைக்கும் ஒவ்வொரு வயரையும் பிரித்துத் தடவினார். பதினொரு நாள் தடவினார். எல்லாம் சரியாக இருந்தது. விளக்கு மட்டும் எரியக் கூடாத நேரத்தில் எரிந்தது.

பிரேக்கை மிதிக்க ஆள் வேண்டும் அல்லவா, அது ஃபிரீடா. என் முட்டிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பயிற்சி இதுதான் போல என்று சொல்லிக்கொண்டே மிதிப்பார். அவரும் அதே மில்லில் ஆறு தறி ஓட்டியவர். நானூறு தறி இரையும் கூடத்தில் யார் குரலும் யாருக்கும் கேட்காது. அங்கே வேலை செய்தவர்கள் சத்தமே இல்லாமல் உதட்டால் பேசுவார்கள், உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். மில் மூடி எத்தனையோ வருஷமாகியும் இவர்கள் இரண்டு பேரும் கடையில், சர்ச்சில், ஜன்னலுக்கு உள்ளும் வெளியும் நின்று அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். தெருவில் பாதிச் சண்டை எங்களுக்குக் கேட்காமலே நடந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கிளைவ் வந்தான். கிட் கார் கட்டுகிறவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பப்பில் கூடுவார்கள். அதில் இரண்டு வண்டி முடித்தவன் என்ற பேர் அவனுக்கு. டிரெய்லர் நுழையுமா என்று கராஜ் வாசலை அளக்கத்தான் வந்தான். அதை மறைக்கவும் இல்லை. குனிந்து சட்டத்தை விரலால் தட்டினான். ஆல்வின் கையால் அடித்த மூன்று கோட் கறுப்புப் பெயிண்ட்.

"இந்தப் பெயிண்ட்டுக்கு நடுவுல எங்கயோ ஒரு வண்டி இருக்குதுன்னு நம்புறேன், ஆல்வின்."

"போல்ட் ஓட்டைக்குள்ளகூட விடாம அடிச்சிருக்கேன். துரு ஏறாது."

"துரு என்ன, ரோட்டுலயே ஏறாது" என்றான் கிளைவ்.

புதன்கிழமை ஆல்வின் பின்விளக்குகளை நாலாவது தடவையாகக் கழற்றி, பல்பு உட்காரும் இடத்தையெல்லாம் தேய்த்து, திரும்ப மாட்டினார். ஃபிரீடா மிதித்தார். இண்டிகேட்டர் எரியவில்லை. இருபது தடவை மிதிக்கச் சொன்னார். இருபது தடவையும் எரியவில்லை. ஆனால் ஆல்வின் முகத்தில் சந்தோஷம் இல்லை. எதனால் சரியானது என்று தெரியாத தறி திரும்ப நிற்கும் என்று நோட்டை மூடிக்கொண்டே சொன்னார். முன்பும் இரண்டு தடவை கழற்றி மாட்டியதும் சரியாகி, மறுநாள் கெட்டிருந்தது.

வியாழக்கிழமை எட்டரைக்குக் கிளம்பினார்கள். ஆல்வின் தன் வண்டியில் முன்னால், ஃபிரீடா தன் சின்ன காரில் பின்னால். தெருக்காரர்கள் சிலர் வாசலில் நின்றோம். தூறல் என்பதால் விளக்குகளைப் போட்டுக்கொண்டுதான் போனார். ரோடு முழுக்கக் குண்டும் குழியும். சோதனை நிலையத்துக்குப் பாதி தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது ஆல்வின் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் நின்ற காரின் முன்கண்ணாடிக்குள், வைப்பர் ஒருமுறை துடைத்ததும், ஃபிரீடாவின் உதடு அசைந்தது.

எரியுது.

வண்டி நிறுத்த ரோட்டோரம் விட்டிருந்த அடுத்த ஒதுக்கிடத்தில் இரண்டு வண்டியும் நின்றன. டீ விற்கும் வேன் ஒன்றும் அங்கே நின்றது. மணி ஒன்பது ஐந்து. மீதி ரோட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம் வேண்டும்.

ஆல்வின் பின்பக்க மூடியைத் திறந்தார். சோதனை விளக்கு ஒன்று கையில் இருந்தது. ஒரு முனையில் ஊசி, இன்னொரு முனையில் கவ்வி, நடுவில் சின்ன பல்பு. கராஜில் எப்போதும் கவ்வியைப் பேட்டரியின் மைனஸில் மாட்டிவிட்டு, நீட்டு வயரோடு வண்டி முழுக்க ஊசியால் குத்திக்கொண்டு போவார். அந்த நீட்டு வயர் கராஜ் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி முன்னால் இருக்க, கையில் இருந்த வயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை. அதனால் பின்விளக்குகளின் கறுப்பு வயர்கள் எல்லாம் வந்து சேரும் சட்டத்து போல்ட்டிலேயே கவ்வியை மாட்டினார். பின்விளக்குக்கு வரும் வயரில் ஊசியைக் குத்தினார். சோதனை பல்பு சரியாக எரியவில்லை. மினுங்கியது.

"வர்ற வயர்ல கரண்ட்டு இல்ல" என்றார். குரல் இறங்கிவிட்டது. முன்னாலிருந்து முழுத் தறியையும் உருவிப் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு நாள் வேண்டும், கிளைவுக்கு போன் போட்டுவிடு என்று சொல்லிக்கொண்டே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஃபிரீடா குடையைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார்.

"நேத்து இதே வயர்ல இந்த பல்பு நல்லாத்தானே எரிஞ்சது?"

"நேத்து எரிஞ்சது."

"நேத்து அந்தக் கவ்வி எங்க இருந்தது?"

ஆல்வின் கவ்வியைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார். போல்ட்டைச் சுற்றி அவர் அடித்த பெயிண்ட், மழைத்துளி விழுந்து பளபளவென்று இருந்தது. பிறகு எழுந்து, ஃபிரீடாவின் டிக்கியில் பேட்டரி இறங்கினால் போடும் தடித்த வயர் கிடக்கும் என்பது நினைவுக்கு வந்து, அதை எடுத்து வந்தார். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையைக் கறுப்பு வயர்களின் வளையத்திலும் கவ்வினார். பின்விளக்குகள் சட்டென்று பளிச்சிட்டன. அவை இத்தனை நாளும் மங்கலாக எரிந்தன என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"மிதி, கண்ணு."

ஃபிரீடா உள்ளே உட்கார்ந்து மிதித்தார். பிரேக் விளக்கு மட்டும் எரிந்தது.

தறியில் நூல் ஒரு பக்கமாகப் போகும். துணிக்குள் போன நூல் திரும்பி வராது. மின்சாரம் அப்படி இல்லை, பேட்டரிக்கே திரும்பி வந்தாக வேண்டும். பழைய காரில் அது இரும்பு உடம்பு வழியாகத் திரும்பியது. ஃபைபர் உடம்பு அதைக் கடத்தாது; இரும்புச் சட்டம் ஒன்றுதான் வழி. அந்த வழியில்தான் ஆல்வின் துருவுக்குப் பயந்து மூன்று கோட் பெயிண்ட்டைப் பூசி வைத்திருந்தார். வந்த வழியைப் பதினொரு நாள் தடவியவர் திரும்பும் வழியை ஒருநாளும் பார்க்கவில்லை. விளக்கைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் போல்ட் திருகி, பெயிண்ட் கொஞ்சம் கீறி, ஒருநாள் வேலை செய்திருக்கிறது. ரோட்டில் குலுங்கியதும் விட்டிருக்கிறது. திரும்ப வழியில்லாத மின்சாரம்தான் இண்டிகேட்டர் வழியாகப் புகுந்து ஓடியிருக்கிறது.

தடித்த வயரைத் தொங்கவிட்டுக்கொண்டு சோதனைக்குப் போக முடியாது. மணி ஒன்பது இருபத்தைந்து. உப்புத்தாளும் கராஜில்தான். ஆல்வின் சட்டைப் பையைத் துழாவினார். மில்லில் அச்சுப்பல் வழியாக இழை இழுக்கும் தட்டையான எஃகுக் கொக்கி அகப்பட்டது. வயரைத் துவாரத்தில் இழுக்க அதைத்தான் ஒன்பது வருஷமாக வைத்திருந்தார். போல்ட்டைக் கழற்றி, அந்தக் கொக்கியின் விளிம்பால் சுரண்ட ஆரம்பித்தார். முதல் கோட் உரிந்தது. இரண்டாவது உரியவில்லை. விரல் முட்டியில் தோல் போயிற்று. டீ வேன்காரர் எட்டிப் பார்த்து, அழகான பெயிண்ட்டை ஏன் கெடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஃபிரீடா அவரைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். அவருக்குப் புரியாதது நல்லதுதான்.

பத்துப் பென்ஸ் நாணயம் அளவுக்கு வெள்ளை இரும்பு தெரிந்தது. ஆல்வின் ஓட்டையின் உட்புறத்தையும் சுரண்டினார். வளையத்தை வைத்து இறுக்கினார். எத்தனை சுற்று என்று எழுதவில்லை. மணி ஒன்பது முப்பத்து நாலு.

மணி பத்தாக ஒரு நிமிஷம் இருக்கும்போது சோதனை நிலையத்துக்குள் நுழைந்தார்கள். அதே அதிகாரிதான். ஃபிரீடாவை மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நிற்கச் சொன்னார். ஸ்டியரிங்கையும் கண்ணாடியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, தாளோடு வண்டிக்குப் பின்னால் போனார். அங்கே மேலே காற்றாடி ஒன்று இரைந்துகொண்டிருந்தது.

விளக்கைப் போடச் சொன்னார். போட்டார். பிரேக்கை மிதிக்கச் சொன்னார்.

ஆல்வின் மிதித்தார். பின்னால் என்ன எரிகிறது என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அதிகாரி குனிந்திருந்தார், முகம் தெரியவில்லை. அப்படியே பிடிங்க என்றார். ஆல்வின் காலை எடுக்காமலே கண்ணாடியில் மஞ்சள் கோட்டைத் தேடினார். ஃபிரீடா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முப்பது வருஷத்துக்கு முன் ஆறு தறிக்கு அப்பாலிருந்து பேசிய மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக உதட்டைப் பிரித்துக் காட்டினார்.

ரெண்டும் அணைஞ்சிருக்கு.

"மிஸ்டர் ரிஷ்டன், ரெண்டு தடவ சொல்லிட்டேன்" என்றார் அதிகாரி. "கால எடுக்கலாம். அடுத்தது ஹார்ன்."

தேறிய தாளை மடித்து வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், கிளைவுக்கு நானே போன் போடுகிறேன் என்று ஃபிரீடா சொன்னார். டிரெய்லர் வேண்டாம், புது வீட்டுக்குச் சாமான் ஏற்ற சனிக்கிழமை ஒரு கை கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். கிளைவ் வந்தான், அலமாரியும் தூக்கினான்.

போல்ட்டைச் சுற்றிச் சுரண்டிய இடத்தில் ஆல்வின் பெயிண்ட் அடிக்கவில்லை. கிரீஸ் மட்டும் தடவி வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் தார்ப்பாயைத் தூக்கி அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறார்.