ஹாலைப் பெரிதாக்க இடித்த சுவர்

"அண்ணா, மேல பாருங்க" என்றார் கொத்தனார் மாரிமுத்து.

ஹாலின் சீலிங்கில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு விரிசல். காலையில் அது இல்லை. அதன் நேர் கீழே நடுச்சுவரின் மேல்பகுதியில் பாதி நீளத்துக்குச் செங்கல்லை எடுத்திருந்தோம். எடுக்கச் சொன்னது நான்.

1. நான் சொன்ன யோசனை

எலப்புள்ளி என்ற ஊர்ப் பக்கம் அந்த வீடு. உரிமையாளர் பழனியம்மாள், தனியாக நின்று விவசாயம் பார்ப்பவர். முதல் நாளே என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க, தோப்போரம் எடம் கெடக்குதுங்க. இந்த ஊட்ட விட்டுப்போட்டு அங்க புதுசா கட்டிரலாங்களா?"

"எதுக்குங்க? பஞ்சாயத்து பெர்மிட்டு, பிளானுன்னு அலையோணும். இது நல்ல ஊடுங்க. நடுச்செவுர எடுத்தா ஹால் பெருசாயிரும். மழைக்கு முன்னாடி முடிச்சுத் தர்றனுங்க."

முப்பது வருடமாக வீடு கட்டிவந்த கான்ட்ராக்டர் நான். சுவரைத் தட்டிப் பார்த்தேன். மேலே முழுக்க ஒரே கான்கிரீட் தளம், அதை வெளிச்சுவர்கள் தாங்குகின்றன, நடுச்சுவர் சும்மா தடுப்புதான் என்று முடிவு செய்தேன். சீலிங் பூச்சைக் கொத்திப் பார்க்கவில்லை. படுக்கையில் கிடந்த அவருடைய மாமனாரைப் பின்னறையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்யவும் ஒப்புக்கொண்டேன்.

2. பின்னறை

விரிசலைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது அந்தப் பெரியவர்தான். அவர் அறையிலிருந்து வெளியே வர, அந்த விரிசலுக்குக் கீழே நடுச்சுவரில் இருந்த கதவு நிலைதான் ஒரே வழி. ஜன்னலில் இரும்புக் கிரில். அதை உடைத்தால் அதிர்வில் தளமே இறங்கிவிடலாம்.

"சுத்தியல யாரும் தொடாதீங்க. ஜாக்கி எடுத்துட்டு வாங்க" என்றேன். கையால் திருகி உயர்த்தும் இரும்பு முட்டு அது. நானும் மாரிமுத்துவும் இரண்டை நிறுத்தினோம். மூன்றாவதைத் திருகும்போது மேலே 'டக்' என்று ஒரு சத்தம். என் தோளில் மண் கொட்டியது. திருகாணி வழுக்கியது.

"போதுங்ணா. ஆளத் தூக்கீரலாம்" என்றார் மாரிமுத்து.

பெரியவரைப் போர்வையோடு தூக்கினோம். தலைமாட்டில் நான், கால்மாட்டில் மாரிமுத்து. உள்ளே வராதீர்கள் என்று கத்தியும் கேட்காமல் பழனியம்மாள் பக்கத்தில் நடந்து வந்தார். சரியாக விரிசலுக்குக் கீழே வந்தபோது மறுபடியும் மண் உதிர்ந்தது.

"மழ பேயுதா?" என்றார் பெரியவர்.

"இல்லீங் மாமா. கண்ண மூடிக்குங்க."

வேகமாக நடக்கவும் பயம், நிற்கவும் பயம். பத்தடிதான் இருக்கும். வாசலைத் தாண்டித் தென்னை மரம்வரை நிற்காமல் நடந்தோம்.

3. வாசலில்

பெரியவரைத் தென்னை நிழலில் கட்டிலில் கிடத்தினோம். பழனியம்மாள் வாசலைப் பார்த்துக் கேட்டார்.

"மாமாவோட மருந்து உள்ள இருக்குதுங்க. போய் எடுக்கலாங்களா?"

வீட்டைப் பார்த்தேன். தளம் நின்றுகொண்டிருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் நிற்கும்?

"தெரியலீங்க" என்றேன். மருந்தை வெளியே கடையில் வாங்கிவந்தோம்.

சில நாள் கழித்துத் தளத்தைப் பத்திரமாக இறக்கியபோதுதான் காரணம் தெரிந்தது. மேலே இருந்தது ஒரே தளம் இல்லை, வெவ்வேறு காலத்தில் பக்கத்துப் பக்கமாகப் போட்ட இரண்டு தளங்கள். இரண்டும் அந்த நடுச்சுவரின் மேல்தான் வந்து உட்கார்ந்திருந்தன. பூச்சு அந்த இணைப்பை மறைத்திருந்தது.

தோப்போரம் புது வீடு எழும்பியது. அந்த வேலையைப் பழனியம்மாள் வேறு ஒருவரிடம் கொடுத்தார். அது நியாயம்தான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். புது வீட்டில் எந்தக் கம்பி எங்கே கிடக்கிறது என்று நமக்குத் தெரியும், நாம்தான் கட்டினோம். பழைய வீடு யாரோ கட்டியது. புதுப்பிக்கலாமா, இடித்துக் கட்டலாமா என்று கேட்டால், பூச்சைக் கொத்தி, அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்கும்வரை நம்மிடம் ஒரே பதில்தான் உண்டு. "தெரியலீங்க." அதை முதல் நாளே சொல்லாமல், பெரியவரை வெளியே தூக்கி வந்தபிறகு சொன்னவன் நான்.