முதல் கைத் தண்ணீர்

ஜூன் மாதம், கல்லணை திறந்து மூன்றாம் நாள். காலை 6.40-க்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அன்று உட்கார இடமும் இல்லை. பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் என் பள்ளித்தோழி அமுதா இருக்கிறாள். ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்பது அவள் உத்தரவு. "பேரப் போட்டுடாதடி, ஏற்கெனவே இந்த ஊருக்குப் பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டாள்.

7.35. மெயின் ரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ. மூன்று கிலோமீட்டர், இருபது ரூபாய். ஓட்டுநர் பஷீர் பாய் துபாயிலிருந்து திரும்பியவர்.

"புதுத் தண்ணி பாக்க வந்தீங்களா? அதுக்கு முன்னால வந்து ஒண்ணு காத்துக்கெடக்கு, பாருங்க" என்று பாலத்தில் வண்டியை நிறுத்தினார்.

கோடையில் வறண்டு மணலாகக் கிடக்க வேண்டிய ஆறு. மேலேயுள்ள டவுனின் சாக்கடை மாதக்கணக்காக வந்து, குட்டை குட்டையாகக் கறுத்துத் தேங்கியிருந்தது. நாற்றம் தாங்கவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"தண்ணி வந்தா இவ்வளவையும் தள்ளிக்கிட்டுத்தான் வருங்க. நடவுக்கு எறங்குறவங்க கால்ல இருக்குற புண்ணப் பாத்தா சோறு எறங்காது" என்றார்.

8.10. அமுதா கேன் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் முதல் தண்ணீர் மதகுக்கு வந்ததும் பூவும் நெல்லும் தூவி, சூடம் ஏற்றி, தலையில் தெளித்துக்கொண்டு ஒரு வாய் குடிப்போம். ஊரில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் முதல் கை அவளுக்கு. போன வருடம் அது அமுதாவின் மகள் தேன்மொழி. ஆறு மாதம்.

"நான்தான்டி அள்ளி அவ வாயில ஊத்துனேன்."

ஒரு மாதத்தில் மஞ்சள் காமாலை. பெண் பிழைத்தாள், பிள்ளை இல்லை. கெட்ட தண்ணீரால் வரும் காமாலை கர்ப்பிணிகளை ரொம்பப் படுத்திவிடும் என்று டாக்டரம்மா சொன்னாராம். எந்தத் தண்ணீர் என்று அவருக்குத் தெரியாது. ஆற்றுத் தண்ணீர்தான் என்ற சந்தேகத்தை அமுதா மகளிடமும் சொல்லவில்லை.

"அடிபம்புத் தண்ணியாவும் இருக்கலாம்ல?" என்றேன்.

"அதுவும் ஆத்தங்கரையிலதான்டி இருக்கு. ஆனா ஊத்துனது என் கையி" என்றாள்.

10.20. மதகுக்குத் தண்ணீர் வந்தது. முன்னால் கறுப்பு, அதன்மேல் நுரை, நுரையில் பாலித்தீன் பைகள், பிள்ளைகளுக்குக் கட்டிவிட்ட டயப்பர்கள். பெண்கள் குலவையிட்டார்கள். இவ்வளவும் கேட்ட பிறகும் பழக்கதோஷம், நான் குனிந்து ஒரு கை அள்ளிவிட்டேன். அமுதா ஓங்கித் தட்டிவிட்டாள்.

"கீழ ஊத்துடி! யாரும் குடிக்காதீங்க, சாக்கடை இது!"

"நல்ல நாளும் அதுவுமா தண்ணியப் பழிக்காத அமுதா" என்றாள் ஒருத்தி. அவள் வாய் ஏற்கெனவே நனைந்திருந்தது.

அப்போது போன். முத்துப்பேட்டையில் புகுந்த வீட்டிலிருந்து தேன்மொழி. இப்போது மறுபடி நான்கு மாதம்.

"அம்மா, தண்ணி வந்துடுச்சா? எனக்கு ஒரு பாட்டில் புடிச்சு வைங்க. ஞாயித்துக்கெழம அவரு வந்து வாங்கிக்குவாரு."

"இன்னும் வரலடி" என்றாள் அமுதா. கணுக்காலைச் சுற்றி நுரை ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப அங்க என்னம்மா கொலவச் சத்தம்?"

அமுதா போனோடு வரப்பில் வெகுதூரம் நடந்து போனாள். அங்கே உட்கார்வது மட்டும் தெரிந்தது. திரும்பி வர அரை மணி நேரமாயிற்று.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"போன வச்சிட்டா."

12.50 பஸ்ஸில் புறப்பட்டேன். வழியெல்லாம் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். மேலேயுள்ள அந்த டவுன் தஞ்சாவூர்தான், என் வீடும் அங்கேதான் இருக்கிறது. வந்ததும் சோப்புப் போட்டு இரண்டு வாளி ஊற்றிக் குளித்தேன். அழுக்குத் தண்ணீர் சுழன்று குழாயில் இறங்கியது. அது எங்கே போகிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.